கிணறு உன்னுடையது, தண்ணீர் யாருடையது?

(புதுக்கோட்டை ஜில்லா ஆலங்குடிப் பக்கம் நடந்த விவசாயிகள் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று பேசும்படி எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், "விவசாயி எடுக்கும் தண்ணீருக்குச் சட்டமும் லைசென்சும் வேண்டுமா, வேண்டாமா?" என்பதாகும். எனக்கு முன் பேசிய தோழர்கள் எல்லோரும் வேண்டாம் என்றே சொன்னார்கள். "என் நிலம், என் கிணறு, என் மோட்டார்; இதில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்டபோது நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் குற்றம் சொல்ல வரவில்லை. அது பயத்தினால் வந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. லைசென்ஸ் என்றால் ஒரு காகிதம். காகிதம் என்றால் ஒரு ஆபீஸ். ஆபீஸ் என்றால் அங்கே நீட்டப்படும் ஒரு கை. பட்டா மாறுதலுக்கும், அடங்கல் நகலுக்கும், மின்சார இணைப்புக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த குடியானவனிடம் இனித் தண்ணீருக்கும் ஒரு காகிதம் கொண்டுவா என்றால் அவன் கோபப்படாமல் என்ன செய்வான்? 2025-ம் வருஷம் ஜூன் மாதத்தில், பாசனத்துக்கு எடுக்கும் நிலத்தடி நீருக்கு வரி வரப்போகிறது என்று ஒரு செய்தி பரவியது. மத்திய சர்க்கார் உடனே அதை மறுத்தது. மறுப்பு வருவதற்குள் நாடெங்கும் விவசாயிகள் கொதித்துப் போனார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

ஆனால் தோழர்களே, பயம் நியாயமானது என்பதனாலேயே, அந்தப் பயத்தில் நாம் சொல்லுகிற வாதமும் நியாயமானதாகிவிடாது. "என் நிலத்துக்கடியில் உள்ள தண்ணீர் என்னுடையது" என்கிறோமே, இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? யாருக்கு லாபமாக வந்தது? கடவுளையும் சாஸ்திரத்தையுமே "ஏன், எதற்கு?" என்று கேட்கிற நாம், ஒரு கிணற்றுப் பாத்தியதையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவானேன்? ஆகவே முதலில் அதையே பார்ப்போம்.

இங்கிலாந்து தேசத்தில் 1843-ம் வருஷத்தில் ஒரு வழக்குத் தீர்ப்பாயிற்று. ஒரு பஞ்சாலைக்காரருடைய கிணறு, பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் வற்றிப்போயிற்று. அவர் நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டார் சொன்னது என்னவென்றால், பூமிக்கு மேலே ஓடுகிற ஆற்று நீருக்குள்ள நியாயம் பூமிக்குள் இருக்கிற நீருக்குச் செல்லாது. அவனவன் நிலத்துக்கடியில் உள்ளதை அவனவன் எடுத்துக் கொள்ளலாம். அதனால் அடுத்தவன் கிணறு வற்றினாலும் நஷ்டஈடு கிடையாது என்பதாகும். அமெரிக்காவில் ஓஹையோ மாகாணக் கோர்ட்டு 1861-ல் இதற்கும் மேலே ஒரு படி போயிற்று. நிலத்தடி நீரின் போக்கு மறைபொருளானது, மனிதன் அறிய முடியாதது, ஆகையால் அதற்குச் சட்டம் வகுக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதாவது, பூசாரி சாமியைப் பற்றிச் சொல்லுவதை நீதிபதிகள் தண்ணீரைப் பற்றிச் சொன்னார்கள்.

நம் நாட்டில் 1882-ல் வெள்ளைக்கார சர்க்கார் செய்த ஈஸ்மெண்ட் சட்டம் என்கிற வசதியுரிமைச் சட்டமும் இந்தக் கருத்தையே எடுத்துக் கொண்டது. வரையறுத்த கால்வாயில் ஓடாமல் நிலத்தடியில் இருக்கும் நீரை, நிலத்துச் சொந்தக்காரன் தன் எல்லைக்குள் திரட்டி இஷ்டப்படி செலவழித்துக் கொள்ளலாம் என்று அதன் 7-வது பிரிவில் உதாரணம் காட்டியிருக்கிறது. நிற்க. ஓஹையோ கோர்ட்டு என்ன செய்தது தெரியுமா? 123 வருஷம் கழித்து 1984-ல், "இப்பொழுது விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, நிலத்தடி நீர் இனி மறைபொருளல்ல" என்று சொல்லித் தன் பழைய தீர்ப்பைத் தானே தள்ளிவிட்டது. நாமோ இன்னும் அந்தப் பழைய உதாரணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். ஆகவே தோழர்களே, "என் தண்ணீர்" என்பது நம் பாட்டன் தேடி வைத்த சொத்தல்ல. எங்கோ இருந்த நீதிபதிகளுக்கு ஒரு காலத்தில் தெரியாமலிருந்த விஷயம், நமக்கு உரிமை என்ற பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, இன்றைக்கு நமக்குத் தெரிந்தது என்ன? நம் ஜில்லாவின் மேற்கே விராலிமலை, இலுப்பூர், குளத்தூர்ப் பக்கம் கடினப் பாறை. அங்கே பாறையின் மேலடுக்குச் சிதைவிலும் வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். கிழக்கே ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் மணலும் களியும் அடுக்கடுக்காய்ப் படிந்த பூமி. அங்கே ஆழத்தில் நீர் உண்டு. எந்தப் பக்கமானாலும் நீர் நம்முடைய வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. ஒரே இளநீரில் இரண்டு பேர் இரண்டு குழாய் வைத்து உறிஞ்சினால், "இந்தப் பாதி என்னுடையது, அந்தப் பாதி உன்னுடையது" என்று இளநீருக்குத் தெரியுமா? குழாய் நீளமாயும் மூச்சுப் பலமாயும் உள்ளவனுக்கே இளநீர். மற்றவனுக்கு வெறும் காற்று. நிலத்தடி நீரும் அப்படியே. ஒரு கிணற்றிலிருந்து நீர் இறைக்கும்போது அதைச் சுற்றிலும் நீர் மட்டம் ஒரு புனல் போலச் சரிகிறது. பலமான மோட்டார் வைத்தால் அந்தப் புனல் அடுத்தவன் கிணற்றின் அடிக்கும் கீழே போய்விடுகிறது.

முன்காலத்தில் இந்த ஆபத்து பெரிதாக இல்லை. ஏன்? கவலை இறைத்த மாடு களைத்துப் போகும்; ஏற்றம் மிதித்த மனிதன் களைத்துப் போவான். அந்தக் களைப்புத்தான் அந்தக் காலத்து லைசென்ஸ்! பூமிக்குள்ளே இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் களைப்பு ஏது? 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இனாமாயிற்று. அது நல்ல காரியந்தான். அதை எடுத்துவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மின்சாரத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்? ஒரு செண்டு நிலமும் இல்லாத கூலிக்காரப் பெண் கடையில் வாங்குகிற சோப்புக் கட்டியிலும் வரி இருக்கிறது. அவளுடைய காசும் உன் மோட்டாருக்குள் ஓடுகிறது. அப்படியிருக்க, "என் மோட்டாரைப் பற்றி ஊரார் கேட்கக் கூடாது" என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இதன் பலனை நீங்களே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். பாட்டன் வெட்டிய கிணறு குப்பை போடும் பள்ளமாயிற்று. ஒருவர் பல நூறு அடிக்குப் போர் போட்டார். அடுத்தவர் அதற்கும் கீழே போனார். முதலாமவர் குழாயை இன்னும் இறக்கினார். இந்தப் பந்தயத்தில் கடைசியில் நிற்பவன் யார்? கடன் வாங்கக் கூடிய சக்தி உள்ளவன். விழுகிறவன் யார்? 50 செண்டும் ஒரு ஏக்கரும் வைத்திருக்கிறவன். 2018 நவம்பர் 16-ல் கஜா புயலில் தென்னையை இழந்து, மறுபடி கன்று வைத்துத் தண்ணீருக்கு நிற்கிற ஏழைக் குடியானவன். ஆகையால் "என் தண்ணீர் என் உரிமை" என்று இங்கே கைதட்டின சிறு விவசாயத் தோழர்களை நான் கேட்கிறேன்: நீங்கள் யாருடைய உரிமைக்குக் கைதட்டினீர்கள்? அது நீளக் குழாய் உள்ளவனுடைய உரிமையல்லவா?

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 2003-ல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். கிணறுகளைப் பதிவு செய்யவும், புதிய கிணற்றுக்கு அனுமதி பெறவும், இதற்கென்று ஒரு அதிகார சபை வைக்கவும் அதில் ஏற்பாடு இருந்தது. அது பத்து வருஷம் நடைமுறைக்கு வராமலே கிடந்து, 2013-ல் ரத்தாயிற்று. பிறந்த பிள்ளை ஒரு நாளாவது கண் திறந்து பார்க்காமலே செத்தது போல! 2014-ல் ஒரு சர்க்கார் ஆணை போட்டு, தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் நிலத்தடி நீர் எடுப்பதற்கு அனுமதி வேண்டும் என்றார்கள். மத்திய சர்க்காருடைய நிலத்தடி நீர் ஆணையம் 2020-ல் வெளியிட்ட விதிகளும் விவசாயத்துக்கு அனுமதி தேவையில்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டன.

ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் அனுமதி உண்டு. மூடாத ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து சாகிற கொடுமையைக் கண்டு, சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் கட்டளைகள் போட்டது. அதன் பேரில் 2015-ல் நம் மாகாணத்தில் ஊராட்சி விதிகள் வந்தன. போர் போடுமுன் கிராமப் பஞ்சாயத்தில் அனுமதி வாங்க வேண்டும். போர் வண்டிக்காரர் பதிவு செய்திருக்க வேண்டும். வேண்டாத குழியை மூட வேண்டும் என்பவை அதில் உண்டு. அப்படியிருந்தும் 2019 அக்டோபரில், நமக்குப் பக்கத்திலே மணப்பாறைக்கு அருகில் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஒன்று விழுந்து செத்தது. நாடே நாலு நாள் தூங்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்காட்ட விரும்புவது என்னவென்றால், "இந்தக் குழியில் குழந்தை விழுமா?" என்று கேட்கிற விதி இருக்கிறது. அது கேட்க வேண்டியதுதான்; இன்னும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஆனால் "இந்தக் குழியினால் பக்கத்துக்காரன் கிணறு வற்றுமா? சேரிக் குழாய் நிற்குமா?" என்று கேட்கிற விதி இல்லை. குழிக்கு லைசென்ஸ் உண்டு, தண்ணீருக்கு இல்லை.

"அதெல்லாம் வேண்டாம், நம் முன்னோர்கள் கண்மாயும் ஏரியும் கட்டி எவ்வளவு அழகாக ஆண்டார்கள்! அந்தப் பழைய முறையே போதும்" என்று சில தோழர்கள் சொல்லுவார்கள். நம் ஜில்லாவில் ஆயிரக்கணக்கான கண்மாய்கள் இருப்பது உண்மை. வானம் பார்த்த பூமியில் மழை நீரைத் தேக்கிக் குடித்தனம் செய்த மக்களின் உழைப்பை நான் தலை வணங்குகிறேன். ஆனால் உழைப்பு வேறு, உரிமை வேறு. 8-ம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் கொடுத்த கசாக்குடிச் செப்பேட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு கிராமத்தையே ஒரு சோமயாஜிப் பார்ப்பனருக்கு இனாமாகக் கொடுத்து, ஆற்றிலிருந்தும் ஏரியிலிருந்தும் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவரும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. அந்த வாய்க்காலில் கிளை வெட்டியோ, கூடையால் இறைத்தோ நீர் எடுத்தவனுக்கு அபராதம் என்றும் எழுதியிருக்கிறது. ஆகவே தண்ணீருக்கு லைசென்ஸ் என்பது இன்றைக்குப் புதிதாக வந்ததல்ல. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே இருந்தது. வாங்கினவர் யார், அபராதம் கட்டினவர் யார் என்பதுதான் விஷயம்.

பார்ப்பனரைச் சொல்லிவிட்டு நாம் கையைத் துடைத்துக் கொள்ளக் கூடாது. கண்மாயில் நள்ளிரவில் சேற்றில் இறங்கி மடை திறந்த நீர்பாய்ச்சி பல ஊர்களில் சேரியிலிருந்து வந்தவன். அவன் திறந்து விட்ட நீரில் நம் வயல் விளைந்தது. அதே ஊர் ஊருணியில் அவன் ஒரு கை நீர் அள்ளிக் குடிக்கக் கூடாது என்று விரட்டினவர்கள், பார்ப்பனரல்லாத நாம்தான். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் பொதுக் கிணறும் பொது வழியும் எல்லோருக்கும் திறக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். டாக்டர் அம்பேத்கர் மகாடு ஊர்ச் சவுதார்க் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச்சு 20-ல். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 2022 டிசம்பர் 26-ல், நம்முடைய இந்தப் புதுக்கோட்டை ஜில்லாவில், வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. செய்தவர் யார் என்பது வழக்கு விஷயம். அதற்குள் நான் போகவில்லை. நான் கேட்பது ஒன்றே: சேரிக்கென்று தனித் தொட்டி, ஊருக்கென்று தனித் தொட்டி என்று தண்ணீரில் கூடக் கோடு கிழித்து வைத்திருக்கிற நாம், "தண்ணீர் பொது" என்று சொல்லச் சர்க்காருக்கு உரிமை இல்லை என்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

அன்றியும், தண்ணீர் விஷயத்தில் நாம் அறிவைக் கேட்காமல் யாரைக் கேட்கிறோம்? போர் போடுமுன் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிறார். தேங்காய் நிமிர்ந்தால் அங்கே நீரோட்டமாம்! வேப்பங்குச்சி சுழன்றால் அங்கே ஊற்றாம்! ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்கருகே 1987-88-ல் இந்த வித்தையைச் சோதித்தார்கள். பொறுக்கி எடுத்த 43 பேர்களைக் கொண்டு 843 தடவை சோதனை நடந்தது. நடத்தினவர்கள் சிலருக்கு ஏதோ சக்தி இருப்பதாகச் சொல்லிக் கொண்டார்கள். ஆனால் அந்தக் கணக்கை மறுபடி ஆராய்ந்த விஞ்ஞானி, குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு சரியாகுமோ அவ்வளவே சரியாயிற்று என்று காட்டிவிட்டார். நம் ஊரில் தேங்காய் நிமிர்ந்த இடத்தில் புகை கிளம்பினால் "உன் ராசி" என்கிறார். தண்ணீர் வந்தால் "என் கை" என்கிறார். கடன் மட்டும் குடியானவன் தலையில்!

தனி மனிதன்தான் இப்படி என்றால் சர்க்காரும் இப்படியே. 2019-ல் மழை இல்லாமல் தமிழ்நாடு தவித்தபோது, இந்து அறநிலையத் துறை கோயில்களில் மழைக்காக யாகம் செய்யும்படி சுற்றறிக்கை அனுப்பிற்று. நந்தியைத் தண்ணீரில் உட்கார வைக்க வேண்டுமாம். மழை ராகம் வாசிக்க வேண்டுமாம். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் நந்திக்குக் கழுத்தளவு தண்ணீர்! அந்தச் சுற்றறிக்கைக்குப் பதிலாக, ஒவ்வொரு ஊரிலும் எத்தனை கிணறு, எத்தனை போர், எவ்வளவு ஆழம், கோடையில் எவ்வளவு நீர் என்று கணக்கெடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் எவ்வளவு பிரயோஜனமாயிருக்கும்?

"சரி, நீர் சொல்லுகிறபடி விதி வேண்டும். ஆனால் அதிகாரி கையில் கொடுத்தால் லஞ்சம், அரசியல்வாதி கையில் கொடுத்தால் கட்சி, என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. இதற்கு உலகத்திலே பதில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயின் தேசத்தில் வாலன்சியா என்ற ஊரில் எட்டு வாய்க்கால் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பெரியவர்கள், வியாழக்கிழமைதோறும் நடுப்பகலில், ஊர்ப் பெரிய மாதாகோயில் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் உட்காருகிறார்கள். யார் முறை தவறி நீர் எடுத்தான் என்று வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்புச் சொல்லுகிறார்கள். வக்கீல் இல்லை, மனு இல்லை, ஸ்டாம்பு இல்லை. பல நூற்றாண்டாக நடக்கும் இந்த வழக்கத்தை 2009-ல் யுனெஸ்கோ சபை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? மராட்டிய நாட்டில் ஹிவரே பாஜார் என்றொரு சிறு கிராமம். மழை குறைந்த வறட்சிப் பிரதேசம். அங்கே பாசனத்துக்குப் போர் போடக் கூடாது என்று ஊரே கூடி முடிவு செய்தார்கள். வருஷா வருஷம் பெய்த மழையை அளந்து, கிணற்று நீரை அளந்து, இந்த வருஷம் என்ன பயிர் வைக்கலாம் என்று கிராம சபையில் தீர்மானிக்கிறார்கள். பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கேரளத்தில் பிளாச்சிமடையில் கோக்கோகோலாக் கம்பெனி 2000-ல் ஆலை வைத்து நிலத்தடி நீரை உறிஞ்சியபோது, 2003-ல் அந்த ஊர்ப் பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. அதே வருஷம் டிசம்பரில் கேரள ஹைக்கோர்ட்டு நீதிபதி ஒருவர், நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தார். 2005-ல் மேல் பெஞ்சு அதை ஒப்புக் கொள்ளவில்லை. ஆனால் 2004 மார்ச்சில் மூடிய ஆலை மூடியபடியே போயிற்று. லைசென்ஸ் என்கிற காகிதம் ஏழைகள் கையிலிருந்தால் எவ்வளவு பலமான ஆயுதம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? அந்தப் பஞ்சாயத்தும், "அவனவன் நிலம், அவனவன் தண்ணீர்" என்று நம்மைப் போலச் சொல்லியிருந்தால் கம்பெனி சந்தோஷமாகச் சிரித்திருக்கும். ஏனெனில் அந்த ஆலையும் கம்பெனி நிலத்தில்தானே இருந்தது!

ஆகவே தோழர்களே, விதி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல நம் சண்டை. விதியை எழுதுகிறவர் யார், அது யாருக்கு முன்னால் வாசிக்கப்படுகிறது என்பதுதான். என் அபிப்பிராயத்தை ஐந்து விஷயமாகச் சொல்லுகிறேன். சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள். அல்லாததைத் தள்ளி விடுங்கள்.

முதலாவது, கணக்கு. ஊரில் உள்ள எல்லாக் கிணறும் போரும், அவற்றின் ஆழமும், மோட்டாரின் குதிரைச் சக்தியும், மழைக்கு முன்னும் பின்னும் நீர் மட்டமும் பஞ்சாயத்துச் சுவரில் எழுதப்பட வேண்டும். பெரிய மிராசுதாரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மறைபொருளைச் சுவரில் எழுதிவிட்டால் பாதிச் சூழ்ச்சி போய்விடும்.

இரண்டாவது, வரிசை. முதலில் குடிநீர், மனிதருக்கும் ஆடு மாட்டுக்கும். இரண்டாவது சிறு விவசாயியின் பயிர். அப்புறம்தான் மற்றவை. குடிநீர்ப் போருக்குப் பக்கத்தில் தனியார் போர் கூடவே கூடாது.

மூன்றாவது, புதுப் போருக்கு அனுமதி. விண்ணப்பம் கிராம சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். பக்கத்து நிலக்காரர் பேச வேண்டும். சிறு விவசாயிக்குக் கட்டணமே கூடாது. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லையேல் கொடுத்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கையை நீட்ட வேண்டுமானால் ஊர் நடுவில் மேடையில் நின்று நீட்டட்டும் பார்ப்போம்!

நான்காவது, விதி எல்லோருக்கும் ஒன்றே. குடியானவனைக் கேட்பது போலவே கம்பெனியையும், சர்க்கார் இலாகாக்களையும் கேட்க வேண்டும். நம் ஜில்லாவில் வனத் தோட்டக் கழகத்தார் வைத்திருக்கும் தைலமரக் காடுகளில் வரப்புப் போட்டு, மழை நீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் தடுக்கிறார்கள் என்று விவசாயிகள் எத்தனையோ காலமாகக் கத்துகிறார்கள். வரத்து வாய்க்கால் அடைபட்டால் கண்மாய் நிறையாது; கண்மாய் நிறையாவிட்டால் கிணறு ஊறாது. எடுப்பதற்கு மட்டும் விதி போட்டு, வருவதை அடைப்பவனை விட்டுவிட்டால் அது விதியல்ல, பித்தலாட்டம். 2007-ல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் செய்திருக்கிறார்கள். 2024-ல் கண்மாய் வண்டல் மண்ணை விவசாயி கட்டணமின்றி எடுத்துக்கொள்ள தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று செய்திருக்கிறார்கள். அந்த உரிமைகளையும் ஊரார் கூடிக் கேட்டு வாங்க வேண்டும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, வோட்டு. 2000-ல் செய்த நீர்ப்பாசன நிர்வாகச் சட்டத்தில் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஆயக்கட்டில் நிலமுள்ளவர்களின் சங்கம். நிலமில்லாதவன் தண்ணீர் குடிப்பதில்லையா? குடத்தோடு இரண்டு மைல் நடக்கிற தாய்மார்களுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதா? தண்ணீர்க் கமிட்டியில் பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும். சேரித் தோழர்கள் தரையில் அல்ல, சரிசமமாக நாற்காலியில் உட்கார வேண்டும். அது இல்லாத கமிட்டியை விட இன்றைய ஆபீசரே மேல் என்று சொல்லுவேன்.

"இதெல்லாம் நடக்குமா? பஞ்சாயத்துத் தலைவர்களின் பதவிக்காலமே 2025 ஜனவரியில் முடிந்து தனி அதிகாரிகளிடம் போயிற்றே!" என்று கேட்கலாம். தலைவர் இருந்தாலும் அதிகாரி இருந்தாலும் கிராம சபை என்பது நீங்கள்தான். 2022 முதல் மார்ச்சு 22-ம் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று, கிராம சபை கூட்ட வேண்டுமென்று ஏற்பாடாகியிருக்கிறது. அன்றைக்கு வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். "நம் ஊரில் எத்தனை போர்? கணக்கு எங்கே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியை ஒரு சேரித் தோழரோ, ஒரு தாயோ எழுந்து கேட்டால் இன்னும் நல்லது. நிலமுள்ள தோழர்கள் அவரை உட்காரச் சொல்லாமலிருந்தாலே பாதிக் காரியம் ஆயிற்று.

நாம் கோயில் கதவு திறக்க வேண்டும், ஓட்டல் கதவு திறக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷம் சண்டை போட்டோம். அங்கெல்லாம் கதவு கண்ணுக்குத் தெரிந்தது. பூமிக்கடியில் உள்ள கதவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அதை இரும்புக் குழாயும் பணமும் உள்ளவர்கள் சத்தமில்லாமல் சாத்திக் கொண்டு வருகிறார்கள். கிணறு உன்னுடையது, வெட்டினவன் நீ, அதை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் அதில் ஊறுகிற தண்ணீர் ஊருடையது. இதை ஒப்புக்கொள்ளச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கு இந்தக் கூட்டத்திலேயே ஒப்புக்கொள்ளலாம்.